முழங்காலளவு கடல்

யூஜின்,
பதில் எழுதச் சுணங்கிவிட்டது.
ஐஸ் கொம்பனியில் இரவு வேலை,
விடிந்தாலும் விரல் பேனை பிடிக்காது.

கையில் ஆயிரத்து நானூறு ரூபா,
பாய்க்கயிறு தொட்டதே இல்லை,
ஆனால் மடகஸ்கார் போகவேண்டும்.
இவ்வளவுதானே நீர் எழுதியது?
நான் சிரிக்கவில்லை.
எனக்கு அது மொரீசியஸ்.
காசு இன்னும் குறைவு.

வள்ளம் வாங்காதேயும்.
வள்ளம் வாங்கியவன் கடலுக்குப் போவதில்லை,
வங்கிக்குப் போகிறான்.
நாவாந்துறைப் பக்கம்
வெடித்த ஃபைபர் வள்ளமொன்று குப்புறக் கிடக்கும்,
அடியில் நாயொன்று குட்டி போட்டிருக்கும்.
குட்டிகள் கண் திறக்கும்வரை பொறும்.
பிறகு சொந்தக்காரரிடம் கேளும்:
"திருத்தித் தாறன், ஞாயிறுகளில எனக்கு விடுங்கோ."

பாய்க்குத் துணி தேடி அலையவேண்டாம்.
தேர்தல் முடிந்த மறுநாள்
ஆஸ்பத்திரி வீதி முழுக்கப் பாய்தான்.
என்னுடையதில் ஒரு வேட்பாளரின் பாதி முகம்.
காற்றுப் பிடித்தால் கன்னம் உப்பிச் சிரிப்பார்.
வாக்குத் தந்தவர்களில்
என்னை எங்கேயாவது கொண்டுபோனவர்
அவர் ஒருவர்தான்.

காற்றைப் பழக வள்ளமே தேவையில்லை.
பஸ் நிலையத்தில் கண்ணை மூடி நில்லும்.
சோளகமா கச்சானா,
எந்தக் காது முதலில் குளிர்கிறது?
மினிபஸ் கொண்டக்ரர் இடித்தால் கோபிக்காதேயும்,
அலையும் அப்படித்தான்,
மன்னிப்புக் கேட்காது.

சமைக்கப் பழகும்.
அடுப்பின் ஒரு பக்கத்துக்குக் கல் வைத்துச் சாய்த்து
பருப்பைச் சிந்தாமல் இறக்கும்.
திருகோணமலையில் வெள்ளைக்காரரின் பாய்ப்படகு வந்து நின்றால்
கடல் தெரிந்தவனைத் தேடமாட்டார்கள்,
அது தங்களுக்கே தெரியும் என்று நினைப்பு.
ஆடுகிற அடுப்பில் சோறு வடிக்கிறவனை
எந்தத் துறைமுகத்திலும் இறக்கிவிடமாட்டார்கள்.
சத்தி வரும். வெட்கமில்லை.
காற்று வரும் பக்கம் மட்டும் திரும்பாதேயும்.

என் முதல் கப்பற்சேதம்
மண்டைதீவுக்கு நேரே,
பண்ணைப் பாலத்து விளக்குகள் எண்ணக்கூடிய தூரத்தில்.
மரம் முறிந்தது,
சுக்கான் சேற்றில் குத்தி நின்றது,
பாதி முகத்தார் என் தலைமேல் விழுந்தார்.
"மாதாவே" என்று கத்திக் குதித்தேன்.
தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.
செருப்பைக் கையில் எடுத்து
வள்ளத்தை மாடுபோல் கயிற்றில் பிடித்து
குருநகர்வரை நடந்தேன்.
இறால் பிடித்த பெடியன் ஒருவன்
"அக்கா எங்கயிருந்து?" என்றான்.
"மொரீசியஸ்."

யூஜின், காசுள்ளவர்களுக்கு இது கிடையாது.
அவர்கள் ஆழத்தில் பழகுகிறார்கள்.
நமக்கு, தாண்டுபோனால் நடந்து வீடு வரக்கூடிய கடல்
கோடிப்பக்கத்தில் சும்மா கிடக்கிறது.
அதில் நூறு தரம் உடைந்துபாரும்.

நேவிப் பொயின்றில் மட்டும்
உண்மையை முழுதாகச் சொல்லாதேயும்.
"தூரப் போகப் பழகிறன்" என்றேன் ஒருநாள்.
"ஓஸ்ரேலியாவா?"
தூரம் என்றால் தப்பிப்போவது,
இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு
வேறு பொருள் மிஞ்சவில்லை.
திரும்பி வருவதற்கென்றே போகிறவளுக்கு
அவர்களுடைய படிவத்தில் கட்டமில்லை.

மாமாவின் மகன் றெஜிஸ்
அப்படிப் போனவன்தான். இருபத்தொரு நாள்.
நடுக்கடலில் வெள்ளி எப்படித் தெரியும் என்று
போனில் கேட்டேன்.
கனநேரம் பேசவில்லை.
"மேல பாக்கேல்ல.
தண்ணிக் கானைத்தான் பாத்துக்கொண்டிருந்தம்."

நீர் போனால்
மேலே பாரும்.
அவனுக்கும் சேர்த்து.

இன்னொன்று, முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்:
நீந்தப் பழகும்.
எனக்கு இன்னும் வராது.
அந்த வள்ளத்தடிக் கறுப்புக் குட்டி
நேற்று என்னைத் தாண்டி நீந்திப்போய்
திரும்பிப் பார்த்துக் குரைத்தது.

இம்மாகுலேற்றா